"போன பார்வை திரும்பாது" என்று எப்படிச் சொல்வது?

கிளாக்கோமா (கண் நரம்பு சேதமாகிப் பார்வை குறையும் நோய்) முற்றிய பெரியவரிடம் "போன பார்வை திரும்பாது" என்றதும் கோபித்து எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னது சரிதான் டாக்டர், ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று: "கண்ணுக்கு என்னன்னு நினைச்சு வந்தீங்க ஐயா?" பலர் கண்புரை மாதிரி ஆபரேஷனில் சரியாகிவிடும் என்றே நம்பி வருகிறார்கள்.

அப்புறம் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பி, பார்வை போன இடங்களைக் கறுப்பாகக் காட்டும் ஃபீல்டு டெஸ்ட் தாளை விரலால் தொட்டுக் காட்டுங்கள். "இந்தக் கறுப்பு திரும்பாது. மிச்சமிருக்கிற வெள்ளையைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து." சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள், அவர் அழுதாலும்.

மருந்தால் பார்வை அதிகமாகாது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பலனில்லை என்று நிறுத்திவிடுவார். இன்றே போன் செய்து, வீட்டில் ஒருவரோடு வரச் சொல்லுங்கள்.