கேள்வி – பதில்: ஆர்னிதீன் ஏறியது எங்கே?

கேள்வி: என் மகளின் பிளாஸ்மா அமினோ அமில அறிக்கையில் ஆர்னிதீனும் குளுட்டமேட்டும் அதிகம், ஆர்ஜினினும் குளுட்டமினும் குறைவு. மறுபடி ரத்தம் கேட்கிறார்கள். இயந்திரக் கோளாறா?

பதில்: இயந்திரத்தை விட்டுவிடுங்கள். இந்த நான்கும் இப்படி ஜோடி ஜோடியாக மாறியிருந்தால், ரத்தம் பிரிக்கப்படாமல் குழாயிலேயே வெகுநேரம் கிடந்திருக்கும் என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். சிவப்பணுவுக்குள் ஆர்ஜினேஸ் என்ற நொதி உண்டு. அணு உடைந்தால் அது வெளியே வந்து ஆர்ஜினினை ஆர்னிதீனாக்கிவிடும். குளுட்டமினோ சும்மா வைத்திருந்தாலே மெல்ல மெல்லக் குளுட்டமேட்டாகும். அஸ்பார்ட்டேட்டும் டாரினும் சேர்ந்து ஏறியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மறுபடி ரத்தம் எடுக்கும்போது, பெரிய பிள்ளை என்றால் இரவு முழுவதும் பட்டினி. கைக்குழந்தை என்றால் அடுத்த பாலுக்குச் சற்று முன். பச்சை மூடி ஹெப்பாரின் குழாயில் எடுத்து உடனே ஐஸில் வைத்து, அரை மணிக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றச் சொல்லுங்கள். தெளிந்த பிளாஸ்மாவை உறிஞ்சும்போது பிப்பெட் முனை நடுவிலுள்ள வெள்ளைப் படலத்தில் படக்கூடாது. அங்குள்ள அணுக்களில் டாரின் மண்டிக்கிடக்கும். பிறகு ஒரு மில்லி பிளாஸ்மாவுக்குச் சுமார் 50 மில்லிகிராம் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சேர்ப்பார்கள். பால் திரிந்ததுபோல் புரதம் வெள்ளையாக இறங்கும். இதைத் தள்ளிப்போட்டால் சிஸ்டின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, கணக்கில் குறைந்துவிடும்.

கேள்வி: லேபில் நின்ஹைட்ரின் (அமினோ அமிலத்தோடு சேர்ந்து நிறம் தரும் வேதிப்பொருள்) முறை அனலைசர் வைத்திருக்கிறோம். ஒரு வாரமாக ஸ்டாண்டர்டிலும் (அளவு தெரிந்த கலவை) எல்லாப் பீக்கும் (ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் காட்டும் மேடு) சிறுத்துவிட்டன. மாதிரி இல்லாமல் வெறும் பஃபரை (ஓட்டக் கரைசலை) ஓட்டினாலும் சீரினும் கிளைசினும் தலைகாட்டுகின்றன.

பதில்: இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். பீக் வரும் நேரம் மாறாமல் உயரம் மட்டும் குறைந்தால் அமினோ அமிலங்களைப் பிரிக்கும் குழாயும் (column) பஃபர் பம்பும் சரிதான். கோளாறு அந்தக் குழாயைத் தாண்டிய பிறகு. முதலில் நின்ஹைட்ரினை மாற்றுங்கள். காற்றுப் பட்டால் அது கெட்டுப்போகும்; புட்டியில் நைட்ரஜன் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். புதிய கரைசலிலும் அப்படியே என்றால் நின்ஹைட்ரின் பம்பின் ஓட்டத்தை ஒரு அளவுக்குழாயில் பிடித்து அளந்து பாருங்கள்.

சீரினும் கிளைசினும் பெரும்பாலும் உங்கள் விரல் வேலை. காகிதத்தில் கைரேகை எடுக்கப் போலீஸார் பயன்படுத்துவதும் இதே நின்ஹைட்ரின்தான்! வியர்வையில் இவ்விரண்டும் தாராளம். கையுறை இல்லாமல் ஃபில்டரையோ மாதிரிப் புட்டியின் (vial) மூடியையோ தொடாதீர்கள். பஃபரையும் புதிதாகக் கலந்து ஓட்டுங்கள். மாதிரிகளில் மட்டும் நார்லூசின் (ஒப்பீட்டுக்காக நாமே அளந்து சேர்க்கும் அமினோ அமிலம்) பீக் குறைந்து, ஸ்டாண்டர்டில் சரியாக இருந்தால், அது பிப்பெட் பிடிப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.