முட்டி ஏன் திடீரென்று மடங்குகிறது?
மூட்டுத் தேய்மானமும் தடுமாற்றமும்: வாசகர் கேள்விகளுக்கு பிசியோதெரபி நிபுணர்களின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 61. வலது முழங்காலில் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். வலியைக்கூடச் சமாளித்துவிடுகிறேன். நடந்துகொண்டிருக்கும்போதே முட்டி சட்டென்று மடங்குவதுதான் பயமாக இருக்கிறது. படி இறங்கும்போது அதிகம். ஜவ்வு அறுந்திருக்குமோ?

பதில்: கீழே விழவில்லை, முட்டி திருகிக்கொள்ளவில்லை, ஆனாலும் மடங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது தொடையின் முன்பக்கத் தசையை. படி இறங்கும்போது உடல் எடை முழுவதும் மடங்கிய ஒற்றைக் காலில் இறங்குகிறது. அந்த நேரத்தில் முட்டி மேலும் மடங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது இந்தத் தசைதான். அது ஒரு நொடி தாமதித்தாலும் கால் விட்டுவிடும். ஏறும்போது சமாளிக்கிற பலரும் இறங்கும்போது தடுமாறுவது இதனால்தான்.

தசை ஏன் தாமதிக்கிறது? நடக்காமல் விட்டதால் மெலிந்துபோவது ஒரு காரணம். பலருக்கும் தெரியாத இன்னொரு காரணம், மூட்டுக்குள் கோக்கும் நீர். நல்ல முட்டிக்குள் உப்பு நீரைச் செலுத்திப் பார்த்த பரிசோதனைகளில், 20-30 மில்லி உள்ளே போனதுமே தொடைத் தசையின் உட்பக்கப் பகுதி சுணங்கிவிட்டது. வலி இல்லாதபோதும் இப்படித்தான். மூட்டு வீங்கினால் தண்டுவடம் தானாகவே அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. கூடவே, 'கால் இப்போது எவ்வளவு மடங்கியிருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் தேய்ந்த மூட்டில் மந்தமாகிவிடும்.

நீர் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, தொடையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். முட்டிச் சில்லின் உட்பக்கப் பள்ளத்தைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தடவிவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை தடவுங்கள். காலியான உட்பக்கப் பள்ளம் மெல்ல உப்பி எழுந்தால் உள்ளே நீர் இருக்கிறது. நிறைய நீர் இருந்தால் பள்ளமே தெரியாது, தடவினாலும் வற்றாது.

நீர் இருக்கும் நாட்களில் படி ஏறி இறங்குவதைக் குறையுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். அதன் பிறகு உடற்பயிற்சி. முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதை 5 நொடி அழுத்தித் தளர்த்துங்கள். 10 முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. அழுத்தும்போது முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே, உட்பக்கம் இருக்கும் தசையில் விரலை வைத்துப் பாருங்கள். அது கெட்டியாக வேண்டும். அது மெத்தென்றே இருந்தால், நீங்கள் குதிகாலை ஊன்றியோ பிட்டத்தை இறுக்கியோ துண்டை அழுத்துகிறீர்கள். எத்தனை நாள் செய்தாலும் பலன் வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முட்டி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனாலோ, சூடாகச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, பயிற்சியைத் தொடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். பேலன்ஸ் பயிற்சி நல்லது என்கிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் விழுந்துவிட மாட்டாரா?

பதில்: ஒற்றைக் காலில் ஆரம்பித்தால் விழத்தான் செய்வார். அது கடைசிப் படி. முதலில் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து 10 நொடி. அடுத்து, ஒரு பாதத்தின் நடுப்பகுதி மற்றதன் பெருவிரலைத் தொடும்படி. மூன்றாவது, ஒரு குதிகாலுக்கு நேர் பின்னால் மற்றக் காலின் விரல்கள், ஒரே கோட்டில். அதற்குப் பிறகுதான் ஒற்றைக் கால். மூன்றாவது நிலையில் பிடிக்காமல் 10 நொடி நிற்க முடியவில்லை என்றால் விழும் அபாயம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை முதல் நாளே சோதித்துக் குறித்துக்கொள்வது நல்லது. சோதிக்கும்போது நீங்கள் கைநீட்டும் தூரத்தில் நிற்க வேண்டும்.

இடம்: முன்னால் சமையல் மேடை, பின்னால் சக்கரம் இல்லாத நாற்காலி. முதலில் இரு கைகளாலும் பிடிக்கட்டும், பிறகு ஒரு கை, பிறகு விரல் நுனி மட்டும். கொஞ்சமும் ஆடாமல் நிற்கிறார் என்றால் அந்த நிலை அவருக்குச் சுலபமாகிவிட்டது. அதையே நீட்டிப் பயனில்லை, அடுத்ததற்குப் போங்கள். லேசாக ஆடி, தானே சரிசெய்துகொள்ளும் இடத்தில்தான் பயிற்சி நடக்கிறது.

மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கும். பாதத்தைக் குனிந்து பார்ப்பது, மூச்சை அடக்குவது, முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டு நிற்பது. கடைசியானதுதான் மோசம், எலும்பின் மேல் எலும்பை நிறுத்திவிட்டால் தசைக்கு வேலையே இல்லை. முட்டி ஒரு துளி மடங்கியிருக்கட்டும், பார்வை எதிர்ச் சுவரில் இருக்கட்டும். கண்ணை மூடி நிற்பதெல்லாம் தனியாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

இதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி 8-10 தடவை, வாரம் மூன்று நாள். முடியாவிட்டால் இருக்கையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வலிக்கு ஓர் அளவு உண்டு: வலியே இல்லை என்பது 0, தாங்கவே முடியாத வலி 10 என்று வைத்தால் 3 வரை பரவாயில்லை. மறுநாளும் வலியோ வீக்கமோ கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: இடது முட்டி வலிக்கிறது. கைத்தடியை இடது கையில்தானே பிடிக்க வேண்டும்?

பதில்: வலது கையில். தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். அதைவிட உயரமானால் தோள் தூக்கும், குட்டையானால் உடம்பு சாயும். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். படியில் கைப்பிடி இருந்தால் அதைப் பிடிப்பதே மேல். தடியின் அடியிலிருக்கும் ரப்பரின் கோடுகள் தேய்ந்து வழவழவென்று ஆனதும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 'நீ கேப்' (முட்டியில் மாட்டும் இறுக்கமான உறை) போட்டால் தடுமாற்றம் குறையுமா? செருப்பு எப்படிப்பட்டது வாங்கலாம்?

பதில்: நீ கேப் தோலை அணைத்திருப்பதால் மூட்டு உணர்வு சற்றுத் தெளிவாகும், போட்டிருக்கும்வரை தைரியமும் வரும். தசையை அது வளர்க்காது. தடம் விழும் அளவுக்கு இறுக்கம் கூடாது.

காலணி விஷயத்தில், மெத்துமெத்தென்று அமுங்கும் தடித்த அடிப்பாகம் மூட்டுக்கு இதம் என்று விற்பார்கள். தடுமாற்றம் உள்ளவருக்கு அது ஆகாது. தரை எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியாமல் போகும். மெல்லிய, உறுதியான, வழுக்காத அடிப்பாகம், குதிகாலைப் பின்னாலிருந்து பிடிக்கும் பட்டை, இவை போதும்.

கேள்வி: படுக்கையிலிருந்து எழுந்தாலே தள்ளுகிறது. இதுவும் முட்டித் தேய்மானத்தாலா?

பதில்: முட்டியால் வரும் தடுமாற்றம் காலை ஊன்றும்போது வரும், தலை தெளிவாக இருக்கும். எழுந்ததும் கண் இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுபடி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை இரண்டும் இதைச் செய்யக்கூடியவை; ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். புரண்டு படுக்கும்போது அறையே சுழன்றால் காதின் உட்பகுதிக் கோளாறாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர் பாதத்தின் உணர்ச்சியையும் சோதித்துக்கொள்ள வேண்டும். திடீரென்று ஒரு பக்கக் கை கால் பலமிழந்தாலோ பேச்சு குழறினாலோ முட்டியைப் பற்றி யோசிக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.