எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை

கேள்வி: வங்காளத்தின் முதல் ராக் குழு என்கிறார்களே, 'மொஹீனேர் கோராகுலி', அதன் ஒரிஜினல் உறுப்பினர்கள் யார் யார்? ஆளுக்கொரு பட்டியல் கொடுக்கிறார்கள். பிற்பாடு வந்து பாடியவர்களையும் ஒரிஜினல் என்று சொல்லலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: ஒரே கேள்வியில் இரண்டு தடவை 'ஒரிஜினல்'! அல்வாக் கடை வாசலில் நிற்கிறீர்களா? ஒரு தெருவில் நாலு அல்வாக் கடை இருந்தால் நாலிலும் 'ஒரிஜினல்' என்றுதான் போர்டு. அதன் கீழே, 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.' கொல்கத்தா மிட்டாய்க் கடைகளிலும் இதே வாசகம் வங்காளியில் தொங்கும். எதிர்க்கடையிலும் தொங்கும். இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பகை என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் பொறுத்தருள்க.

சரி, குதிரைகளுக்கு வருவோம். 'மொஹீனேர் கோராகுலி' என்றால் 'மொஹீனின் குதிரைகள்'. 1975 வாக்கில் கொல்கத்தாவில் ஏழு பேர் சேர்ந்தார்கள். பெயரே ஒரிஜினல் கிடையாது. முதலில் சப்தர்ஷி, அப்புறம் தீரந்தாஜ், அப்புறம் 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி. குழுவினர்'. ராக் குழுவுக்குப் பட்டம் போட்டுக்கொண்ட ஒரே ஊர் அதுவாகத்தான் இருக்கும். நக்சல் தொடர்பில் சிறைக்குப் போய் வந்த மனிதர் கௌதம். பி.எஸ்ஸி.யைக் கிண்டலாகத்தான் போட்டிருப்பார் என்று நம்புகிறேன். கடைசியில் குழுவில் ஒருவரான ரஞ்சன் கோஷால், வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதை ஒன்றிலிருந்து இந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தார். கார்த்திகை மாத நிலவில் மொஹீனின் குதிரைகள் புல் மேய்கின்றன. எத்தனை குதிரை என்று கவிஞர் எண்ணிச் சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று.

பட்டியல் ஏன் ஆளுக்கொன்றாக இருக்கிறது? வங்காளிக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். வீட்டுப் பெயருக்கு 'டாக் நாம்' என்று பெயர். அதாவது பெயருக்கே ஒரு பெயர். கௌதம் வீட்டில் மணி. பிரதீப் புலா. விஸ்வநாத் பிஷு. தாபஸ் தாஸ் பாபி. தபேஷ் பானு. இதோடு விட்டால் பரவாயில்லை. சட்டோபாத்யாய் என்பவரே சட்டர்ஜி, பந்தோபாத்யாய் என்பவரே பானர்ஜி. அண்ணன் சட்டோபாத்யாய் என்று கையெழுத்துப் போட, தம்பியைச் சட்டர்ஜி என்று அச்சடிப்பார்கள். உச்சக்கட்டம் இது: பானு என்கிற தபேஷ் பந்தோபாத்யாய் விலகினார், அவர் இடத்துக்கு ராஜா பானர்ஜி வந்தார். ஆள் மாறிவிட்டது, குடும்பப் பெயர் மாறவில்லை! இதை வைத்துக்கொண்டு எந்த மகானுபாவர் பட்டியல் போடுவார்? முன்பு ஒரு முறை இதே பக்கத்தில் 'சட்டர்ஜி' என்று எழுதிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கடிதங்கள் இன்னும் மேஜை டிராயரில் இருக்கின்றன.

1977, 78, 79 என்று வருடத்துக்கொன்றாக மூன்று இசைத்தட்டு. இரண்டாவதன் தலைப்பில் எனக்குத் தனிப் பிரியம். 'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்' என்பதை வங்காளியில் ஆக்கி, அந்த முதலெழுத்துகளையும் சேர்த்து 'அ-உ-ப' என்று வைத்தார்கள். யு.எஃப்.ஓ. என்று வைக்கவில்லை. சுருக்கெழுத்துக்குக்கூடத் தாய்மொழி! இதை நான் சொன்னால் பழமைவாதி என்பீர்கள். கிதார் வாசித்தவர்கள் செய்தால் புதுமை.

யாரும் பெரிதாக வாங்கவில்லை. 1981-ல் கலைந்தார்கள். ரஞ்சன் பெங்களூருக்குப் போனார், பிஷு அமெரிக்காவுக்கு. கௌதம் சினிமாவுக்குப் போய், 'நாக்மோத்தி'க்குத் தேசிய விருதும் வாங்கினார். ஏப்ரஹாம் மஜும்தார் வயலின் சொல்லிக்கொடுத்தார். 1995-ல் கௌதம் இளம் பாடகர்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் வெளியீடு. பாடியவர்களில் பலர் பழைய குழுவில் இல்லாதவர்கள். அதற்கப்புறம்தான் வங்காளம் முழுக்க இந்தப் பெயர் பரவியது. கிளை திறந்த பிறகுதான் ஐயா, கடை இருப்பதே ஊருக்குத் தெரிந்தது! பிற்பாடு பாபியும் ஒரு கிளை திறந்தார்: 'மொஹீன் எகொன் ஓ பொந்துரா'. 'இன்றைய மொஹீனும் நண்பர்களும்' என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே வேறு கடை என்று சொல்லிவிட்ட நேர்மை எந்த அல்வாக்காரரிடமும் நான் பார்த்ததில்லை.

அந்த 1995 தொகுப்பில் ஒரு பாட்டு. உலகம் சுருங்கிச் சுருங்கி, வரவேற்பறையில் இருக்கும் முட்டாள் பெட்டிக்குள் கைதாகிவிட்டது என்கிற புலம்பல். அதன் மெட்டு 2006-ல் 'கேங்ஸ்டர்' என்ற இந்திப் படத்தில் மழைக் காதல் பாட்டாகி, வங்கதேசத்து ஜேம்ஸ் பாட, அதே முட்டாள் பெட்டியில் ராப்பகலாக ஓடியது. பார்க்க கௌதம் இல்லை. 1999-லேயே போய்விட்டார். ரஞ்சன் 2020-ல், பாபி 2023-ல்.

பட்டியல் கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்: கௌதம் சட்டோபாத்யாய், பிரதீப் சட்டோபாத்யாய், விஸ்வநாத் சட்டோபாத்யாய், ரஞ்சன் கோஷால், தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், ஏப்ரஹாம் மஜும்தார். எங்கள் பிழைதிருத்துநர், 'சட்டோபாத்யாய் மூன்று தடவை வந்திருக்கிறது சார், இரண்டை அடித்துவிடட்டுமா?' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.