வாசகர் கேள்வி – பதில்: காயில் பழுக்கிறது, ஒயர் ஏன் சூடாவதில்லை?

கேள்வி: மின் அடுப்பின் காயில் செக்கச்செவேலெனப் பழுக்கிறது. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரைத் தொட்டால் சூடே தெரிவதில்லை. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்சாரம்தானே?

பதில்: ஒரே மின்சாரம்தான். ஆனால் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவதே வெப்பம். 1841-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் வெளியிட்ட விதி இது. மின்னோட்டம் சமமாக இருக்கும்போது, தடை எங்கே அதிகமோ அங்கேதான் சூடு பிறக்கும். 230 வோல்ட், 1000 வாட் அடுப்பில் ஓடுவது சுமார் 4.35 ஆம்பியர். காயிலின் தடை 53 ஓம். ஒன்றரை மீட்டர் நீள ஒயரில், 1 சதுர மி.மீ. செம்பு என்றால், இரண்டு கம்பிகளும் சேர்ந்தே 0.05 ஓம்தான். அதில் பிறப்பது ஏறக்குறைய 1 வாட். அதுவும் நீளம் முழுக்கப் பரவிக் காற்றோடு போய்விடும். காயிலோ நிக்ரோம் கம்பி, அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவை. ஒரே நீளம், ஒரே பருமன் என்றால் அதன் தடை செம்பைவிட 60 மடங்குக்கும் மேல். பழுத்த நிலையிலும் குரோமியம் ஆக்சைடு படலம் அதை அரிக்கவிடாமல் காக்கிறது.

கேள்வி: அறுந்த காயிலை முறுக்கி இணைத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஐந்தில் ஒரு பங்கு வெட்டுப்பட்டுப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். தடை 42 ஓமாகிறது. தடை குறைந்தால் சூடும் குறைய வேண்டாமா? வோல்ட்டேஜ் மாறாததால் மின்னோட்டம் கூடிவிடுகிறது. கணக்கில் வருவது அதன் வர்க்கம். 1000 வாட் 1250 வாட்டாகிறது. மிஞ்சிய ஒவ்வொரு சென்டிமீட்டரும் முன்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சூட்டைத் தாங்கவேண்டும். முறுக்கிய இடத்திலோ ஆக்சைடு படிந்து, சூட்டில் விரிந்து சுருங்கித் தளர்ந்து, மறுபடி அங்கேயே எரிந்து அறும். ஈயப்பற்றும் உதவாது, அது 200 டிகிரிக்குள் உருகிவிடும். அதே வோல்ட், அதே வாட் குறித்த புதுக் காயில் போடுங்கள்.

கேள்வி: ஹீட்டர் பிளக்கின் ஒரு பின் மட்டும் கருகுகிறது. ஏன்?

பதில்: அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. 13 ஆம்பியர் ஓடும்போது அங்கே 0.1 ஓம் தடை இருந்தாலே 17 வாட், அதுவும் ஒரு புள்ளியில். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளக்குக்குள் வைத்ததற்குச் சமம்! சூட்டில் செம்பு கருத்துத் தடை இன்னும் ஏறும். தடை ஏற ஏறச் சூடும் ஏறும்.

பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்றி எடுத்தபின், கருத்த செம்பை வெட்டிவிட்டுப் பளபளப்பான பகுதி தெரியும்வரை ஒயரைச் சீவுங்கள். ஓர் இழைகூட வெளியே நிற்காமல் முறுக்கி, புதுப் பிளக்கில் இறுக்குங்கள். இழை நுனிக்கு ஈயம் பூசவேண்டாம். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி இணைப்பு மறுபடி தளரும். சாக்கெட்டையும் மாற்றுங்கள். சூடுபட்ட அதன் பித்தளைப் பிடி விறைப்பை இழந்திருக்கும். புதுப் பின்னையும் கருக்கிவிடும். சாக்கெட்டைத் தொடுமுன் மெயினை அணைப்பது கட்டாயம்.