வெல்லப்பாகு வழிந்தால் கண்ணாடி அடுப்பு என்ன ஆகும்?
வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கேள்விகள் பெரும்பாலும் பிரிட்டனில் வாடகை வீடுகளில் இருக்கும் வாசகர்களிடமிருந்து வந்தவை. அங்கே ‘குக்கர்’ என்றால் நம் விசில் குக்கர் இல்லை. மேலே வழவழப்பான கறுப்புக் கண்ணாடியில் நான்கு வளையங்களும் கீழே கேக், ரொட்டி சுடும் ‘அவன்’ பெட்டியும் சேர்ந்த மின் அடுப்பையே அப்படிச் சொல்வார்கள். அந்தக் கண்ணாடித் தளத்துக்கு செராமிக் ஹாப் என்று பெயர்.

*கேள்வி: பொங்கலன்று வெல்லப்பாகு வழிந்து அடுப்பில் கொட்டிவிட்டது. அணைத்துவிட்டு, மறுநாள் ஆறியபின் சுரண்டினேன். பாகோடு கண்ணாடியும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. அவ்வளவு சூடு தாங்கும் கண்ணாடிக்கு ஏன் இப்படி? – வாசகி, ஈஸ்ட்ஹாம்*

ஆறட்டும் என்று விட்டதுதான் காரணம். மற்ற பெரும்பாலான கறைகளுக்கு அது சரியான வழி, சர்க்கரைக்கு நேர் எதிர். இந்தக் கண்ணாடி சூட்டில் விரிவதும் இல்லை, ஆறும்போது சுருங்குவதும் இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் தணலாய்ச் சிவந்திருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டாலும் வெடிப்பதில்லை. ஆனால் உருகிய சர்க்கரை கண்ணாடியை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆற ஆறச் சுருங்குகிறது. அடியில் இருப்பது அசையாது, மேலே ஒட்டியது இழுக்கிறது. கடைசியில் பாகு தன்னோடு கண்ணாடியின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு வருகிறது.

அடுத்த முறை பாகோ, ஜாமோ, பாயசமோ வழிந்தால் அந்த நிமிடமே வளையத்தை அணையுங்கள். பாத்திரத்தைத் தூக்கி வேறிடத்தில் வையுங்கள். கையில் தடித்த அடுப்பங்கரை உறை போட்டுக்கொண்டு, பிளேடு பொருத்திய சுரண்டியால் பாகு இளகலாக இருக்கும்போதே சூடான வளையத்திலிருந்து குளிர்ந்த பகுதிக்குத் தள்ளிவிடுங்கள். பிளேடு நிமிர்ந்து நிற்கக் கூடாது, கண்ணாடித் தளத்தோடு 30 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கட்டும். ஈரத்துணியால் துடைக்கப் போகாதீர்கள். ஆவி கையைச் சுட்டுவிடும். மிச்சமிருக்கும் படலத்தை ஆறியபின் எடுக்கலாம். ஏற்கெனவே உறைந்துவிட்டதென்றால், அந்த வளையத்தை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, பாகு இளகியதும் அணைத்துவிட்டு இதே போலத் தள்ளுங்கள். அடுப்பில் விழுந்து உருகிய பிளாஸ்டிக், அலுமினியத் தாள் இரண்டையும் சூட்டோடுதான் அகற்ற வேண்டும்.

பெயர்ந்த பள்ளத்தை நிரப்ப வழியில்லை. சிறிய பள்ளமாக மட்டும் இருந்து, விரிசல் ஓடவில்லை என்றால் அடுப்பை உபயோகிக்கலாம். நகத்தால் வருடிப் பாருங்கள்: பள்ளத்திலிருந்து கோடு கிளம்பியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

பால் பொங்கி வழியும் சடங்கை விட வேண்டாம். அந்தக் கட்டத்தில் வெல்லம் சேர்ந்திருக்காது. வழிந்த பாலைத் துடைத்துவிட்டு, பெரிய பானைக்கு மாற்றியபின் வெல்லத்தைச் சேருங்கள்.

*கேள்வி: வளையம் சிவப்பாக எரிந்து, அணைந்து, மறுபடி எரிகிறது. பழுதா? – வாசகர், ஹாரோ*

பழுதில்லை. இந்த அடுப்பில் கேஸ் போலத் தீயைச் சிறிதாக்க முடியாது. கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கம்பிச்சுருள் எரிந்தால் முழு வேகத்தில்தான் எரியும், 18 செ.மீ. வளையம் பெரும்பாலும் 1800 வாட்ஸ் இழுக்கும். நீங்கள் குமிழை 3இல் வைத்தால் கொஞ்ச நேரம் எரிந்து அதிக நேரம் ஓய்வெடுக்கும், 5இல் வைத்தால் எரியும் நேரம் கூடும், அவ்வளவுதான். இதுபோக, கண்ணாடி அளவு மீறிச் சூடானால் தானே துண்டிக்கும் கட்டுப்பாடு ஒன்று சுருளின் குறுக்கே இருக்கிறது.

முழு சூட்டில் வைத்தும் அடிக்கடி அணைந்தால் பாத்திரத்தைப் பாருங்கள். அடி வளைந்திருந்தால் சூடு பாத்திரத்துக்கு ஏறாமல் கண்ணாடியிலேயே தங்கும், கட்டுப்பாடும் உடனே துண்டிக்கும். தண்ணீர் கொதிக்க நேரமாவதும் இதனால்தான். பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, சூடேறினால் படிந்துவிடும். ஓரங்களில் வெளிச்சம் தெரிந்து நடு மட்டும் தொட்டால் அந்தப் பாத்திரம் இதற்கு உதவாது.

எதில் வைத்தாலும் வளையம் அணையாமல் முழு வேகத்திலேயே எரிகிறதா? அது வேறு கதை. குமிழுக்குப் பின்னால் இருந்து வளையத்தை விட்டு விட்டு எரியவைக்கும் ரெகுலேட்டரின் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

*கேள்வி: தோசைக்கல், மண்சட்டி இரண்டும் வைக்கலாமா? – வாசகி, குராய்டன்*

தோசைக்கல் வைக்கலாம், அடி தட்டையாகவும் வழவழப்பாகவும் இருந்தால். வளையத்தைவிடக் கல் மிகப் பெரிதாக இருந்தால் நடுவில் கருகி ஓரம் வேகாமல் நிற்கும். 30 செ.மீ. கல்லை 18 செ.மீ. வளையத்தில் வைத்து நல்ல தோசை எடுப்பது கடினம், 24 செ.மீ. கல் வாங்குவது மேல். நடுத்தர சூட்டில் ஏழெட்டு நிமிடம் காயவிட்டு முதல் தோசையை ஊற்றுங்கள். வளையம் ஆறுவதற்கு நேரமெடுக்கும் என்பதால், கல் காய்ந்துவிட்டதே என்று அப்போது குமிழைக் குறைத்தால் இரண்டு தோசை கழித்துத்தான் பலன் தெரியும். கொஞ்சம் முன்கூட்டியே குறைக்கப் பழகுங்கள். கல்லை ஒருபோதும் இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள்.

மண்சட்டி வேண்டவே வேண்டாம். அதன் சொரசொரப்பான அடி கண்ணாடியைக் கீறிவிடும். உப்புக்கல், மணல் துணுக்கு சிக்கினாலும் இதே கதிதான், பாத்திரம் வைக்கும் முன் தளத்தைக் கையால் ஒரு தடவு தடவிவிடுங்கள். மீன்குழம்பை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, இறக்கியபின் சட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

*கேள்வி: அலுமினிய விசில் குக்கர் வைத்த இடத்தில் வெள்ளிக்கோடு. சோப்பு போட்டும் போகவில்லை. – வாசகர், லெஸ்டர்*

அது கீறல் இல்லை, தேய்ந்து ஒட்டிய அலுமினியம். செராமிக் ஹாபுக்கென்று விற்கும் கிரீமை ஆறிய தளத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவு விட்டு, ஈரமான சமையலறைத் தாளால் வட்டமாகத் தேய்த்து, சுத்த நீரால் துடைத்து உலர்த்துங்கள். துடைக்காமல் கிரீம் தங்கிவிட்டால் அடுத்த சூட்டில் அதுவே கறையாகும். கோட்டின் மேலேயே தொடர்ந்து சமைத்தால் கெட்டியாகப் பதிந்துவிடும், அன்றன்றே எடுங்கள். லண்டன் பக்கத்துத் தண்ணீர் விடும் வெள்ளைத் திட்டுக்கு வினிகர் போதும். கம்பி நார், பிளீச், அவன் கிளீனர் மூன்றும் கூடாது.

*கேள்வி: மேலலமாரியிலிருந்து மசாலா புட்டி விழுந்து ஒரு மூலையில் மெல்லிய விரிசல். அந்த வளையத்தை மட்டும் தவிர்த்தால் போதாதா? – வாசகி, மில்டன் கீன்ஸ்*

போதாது. குழம்போ துடைக்கும் ஈரமோ விரிசல் வழியாக இறங்கினால் மின்சாரம் ஓடும் பாகத்தைத் தொடும். மின்தாக்கு வாங்கும் அபாயம் அது. அடுப்பின் குமிழை அணைத்தால் மட்டும் போதாது, சுவரில் அடுப்புக்கென்று தனியாக இருக்கும் பெரிய சுவிட்சை அணையுங்கள். வளையம் இன்னும் சூடு என்று காட்டும் ‘ஹெச்’ எழுத்தோ சிவப்புப் புள்ளியோ எரிந்துகொண்டிருந்திருந்தால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும், ஆனால் கண்ணாடி சூடாகத்தான் இருக்கும், தொடாதீர்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். தளத்தை முழுதாக மாற்ற வேண்டும். வாடகை வீடு என்பதால் விரிசலைப் படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கு இன்றைக்கே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். மசாலா புட்டிகளுக்கு வேறு அலமாரி பாருங்கள்.