இன்ஷூரன்ஸை வெளியே எடுத்தால் தள்ளுபடி போய்விடுமா?

கேள்வி: புது கார் புக் செய்யப் போனேன். இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்காவிட்டால் 25,000 ரூபாய் தள்ளுபடி கிடையாதாம். கொட்டேஷனில் ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500, எசென்ஷியல் கிட் 14,000 என்றும் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் முறைதானா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஹேண்ட்லிங் சார்ஜ் கொடுக்காதீர்கள். வண்டியை ஷோரூம் வரை கொண்டுவரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியது. "எதற்கு இது, எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டாலே பாதி இடங்களில் அந்த வரி காணாமல் போய்விடும். எசென்ஷியல் கிட் என்பது மேட், மட் ஃபிளாப், சீட் கவர், ஒரு சென்ட் பாட்டில். வேண்டுமானால் வாங்கலாம். இதையும் வாங்கினால்தான் கார் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறு என்று சொல்லும் கட்டாய விற்பனை. ஆனால் கார் 10 லட்சத்துக்கு மேல் என்றால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். அது சட்டப்படியானது; வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

இனி இன்ஷூரன்ஸ். எந்த கம்பெனியில் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம். டீலர் வற்புறுத்தக் கூடாது என்பதுதான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நிலை. "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது" என்று பயமுறுத்துவார்கள். கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லை காப்பீட்டு நிறுவனமே நேராகக் கட்டுவது, அந்த நிறுவனத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். நீங்கள் சர்வீஸ் விடப்போகும் ஒர்க்‌ஷாப் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

அந்த 25,000 யார் தருவது என்று கேளுங்கள். கார் கம்பெனி எல்லோருக்கும் அறிவித்த சலுகை என்றால், அதை இன்ஷூரன்ஸோடு முடிச்சுப் போடுவது அநியாயம். டீலர் தன் கமிஷனிலிருந்து விட்டுக்கொடுக்கிறார் என்றால் ரோஷப்படாமல் கணக்குப் போடுங்கள். ஷோரூம், வெளி இரண்டு இன்ஷூரன்ஸ் கொட்டேஷனிலும் ஐடிவி (வண்டி முழுசாகப் போனால் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை) ஒன்றாக இருக்க வேண்டும். ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது) போன்ற ஆட்-ஆன்களும் அப்படியே. மூன்றாம் நபர் காப்பீடு புது காருக்கு 3 வருடம் கட்டாயம். இவ்வளவும் பொருந்திய பிறகு ஷோரூம் பாலிசி 18,000 கூடுதல் என்றால், தள்ளுபடி போக 7,000 உங்களுக்கு லாபம். அங்கேயே எடுத்துவிடுங்கள். விற்பனைப் பையனுக்கும் மாத டார்கெட் இருக்கிறது, பாவம்.

நீங்கள் கேட்காத ஒன்று: வண்டி தயாரான மாதம். பழைய ஸ்டாக்கை விற்பது தப்பில்லை, மறைத்து விற்பதுதான் தப்பு. நாளைக்கு நீங்கள் விற்கும்போது ஆர்சியில் உள்ள தயாரிப்பு வருடத்தை வைத்துத்தான் விலை பேசுவார்கள். எனவே முழுப் பணம் கட்டுவதற்கு முன்பே சேஸிஸ் நம்பரையும் படிவம் 22-ஐயும் (தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று) வாங்கிப் பாருங்கள். தயாரித்த மாதமும் வருடமும் அந்தப் படிவத்தில் இருக்கும். போன வருட வண்டி என்றால் தள்ளுபடிப் பேச்சை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

பேசியதை எல்லாம் மின்னஞ்சலில் வாங்குங்கள். பணத்தை டீலர்ஷிப் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், எக்ஸிகியூட்டிவின் ஜிபே நம்பருக்கு வேண்டாம். டீலர் எதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.