துணியின் முனையைப் பாருங்கள்

அன்புள்ள அக்கா,

போன மாதம் பெரு நாட்டுக்குப் போயிருந்தேன். மாச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் இன்கா பாதைக்கு அனுமதி கிடைக்கவில்லை. நீங்கள் முன்பு எழுதியதைப் படித்திருந்ததால், வழிகாட்டியோடு லாரெஸ் என்னும் இன்னொரு மலைவழியில் மூன்று நாள் நடந்தேன். மலை அற்புதம். ஆனால் அங்குள்ள கெச்சுவா மொழி பேசும் மக்களின் நெசவுக் கிராமங்கள் மனதை உறுத்தின. நாங்கள் வருவது தெரிந்ததும் பெண்கள் சிவப்பு உடையும் தட்டுத் தொப்பியுமாக வரிசையாக உட்கார்கிறார்கள். சாயம் காய்ச்சிக் காட்டுகிறார்கள், அதையே உதட்டில் பூசி எல்லோரையும் சிரிக்க வைக்கிறார்கள், பிறகு துணிகளை விரிக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து சிஞ்செரோ என்ற ஊரிலும் அதே காட்சி, அதே உதட்டுச் சாயம். நாடகத்துக்குக் காசு கொடுத்த மாதிரி இருந்தது. கிராமத்தில் 280 சோல் (பெரு நாட்டுப் பணம்) கொடுத்து ஒரு மேசை விரிப்பு வாங்கினேன். குஸ்கோ நகரச் சந்தையில் அதே போன்றது 60 சோல்தான், அதிலும் ஒன்று வாங்கினேன். இரண்டின் படமும் இணைத்திருக்கிறேன். நான் ஏமாந்துவிட்டேனா? அடுத்த ஜூனில் நண்பர்கள் போகிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்லட்டும்?

எம்., திருச்சி

அன்புள்ள தம்பி,

ஏமாறவில்லை. அந்த இரண்டு விரிப்புகளையும் எடுத்து அருகருகே போடுங்கள், நான் சொல்வதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

60 சோல் விரிப்பின் முனையைப் பாருங்கள். வெட்டி, மடித்து, மிஷினில் தைத்திருக்கிறது. நீளமாக ஓடிய துணியிலிருந்து துண்டு போட்டது அது. கிராமத்து விரிப்பில் வெட்டிய இடமே இல்லை, நான்கு பக்கமும் நெய்து முடிந்த கரை. அந்த மலைகளில் துணி எவ்வளவு நீளம் வேண்டுமோ அந்த நீளத்துக்கே பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஓட்டுகிறார்கள், பாவு நூல் முனையில் வளைந்து திரும்பி வந்துவிடும், கத்தரிக்கு வேலை கிடையாது. இது கேட்க எளிது, நெய்கிறவருக்குப் பெரும்பாடு. துணி முடியப் போகும்போது கடைசி நாலு விரல் இடத்தில் பாவு விறைத்துப்போய்த் திறக்க மறுக்கும், பாவைப் பிரித்துத் தூக்கும் விழுதைத் தூக்க முடியாது, அப்போது குறுக்கு நூலான ஊடையை ஊசியில் கோத்து, பாவு நூல்களை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கித் தூக்கி நிரப்ப வேண்டும். உங்கள் படத்தில் வலது முனைக்குப் பக்கத்தில் கோலம் லேசாகக் குழம்பி நெருங்கியிருக்கிறதே, அது அந்த இடம்தான். அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள், கையால் முடித்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

இப்போது திருப்பிப் போடுங்கள். கிராமத்துத் துணியின் பின்பக்கத்திலும் அதே கோலம் இருக்கும், நிறம் மட்டும் இடம் மாறியிருக்கும், முன்னால் சிவப்பு இருந்த இடத்தில் வெள்ளை, வெள்ளை இருந்த இடத்தில் சிவப்பு. இந்த நெசவில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பாவுதான், ஊடை உள்ளே மறைந்துவிடும், அதனால் எந்த நூலை மேலே எடுப்பது எதைக் கீழே விடுவது என்று ஒவ்வொரு வரிசைக்கும் விரலால் பொறுக்க வேண்டும். கோலத்துக்கு அவர்கள் சொல்லும் பெயரே 'பல்யாய்', பொறுக்கி எடுப்பது என்று பொருள், நிலத்தில் விளைந்ததைப் பொறுக்கிச் சேர்ப்பதற்கும் அதே சொல்தான். கோலம் இல்லாமல் ஒரே நிறத்தில் விடும் பகுதிக்கு 'பம்பா' என்று பெயர், சமவெளி. நான் முதல்முறை இதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் அந்தத் துணியையும் எதிரே இருந்த மலைச்சரிவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒல்லாந்தாய்தாம்போ என்ற ஊருக்கு மேலே இருக்கும் வில்யோக் கிராமத்தில் ஒரு பெண்ணின் பக்கத்தில் ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இடுப்புத் தறி, ஒரு முனை தரையில் அடித்த முளையில், மறுமுனை அவர் இடுப்புப் பட்டையில். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும், உடம்பேதான் தறியின் பாதி. கையில் லாமா எலும்பைக் கூராக்கிய ஒரு கருவி, விச்சுன்யா என்பார்கள், நூலைப் பொறுக்கவும் ஊடையைத் தட்டி இறுக்கவும் அதுதான். பிடிக்கும் இடம் பல வருடக் கைபட்டுத் தந்தம் மாதிரி மஞ்சளாகி வழவழவென்று இருந்தது. நான் வழிகாட்டி மூலம் ஏதோ கேட்டேன், பதிலே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறார்! அந்த வரிசை முடிந்த பிறகுதான் தலையைத் தூக்கிப் பதில் சொன்னார். கால் மணி நேரத்தில் துணி ஒரு விரல் அகலம்கூட வளரவில்லை.

நெசவுதான் நமக்குத் தெரிகிறது, நூற்பு தெரிவதில்லை. அவர்களுடைய தக்ளிக்கு புஷ்கா என்று பெயர். ஏற்றத்தில் நான் மூச்சு வாங்கி நின்றபோது முதுகில் புல்லுக்கட்டோடு என்னைக் கடந்து போன ஒரு பாட்டி, நடந்தபடியே நூற்றுக்கொண்டு போனார், தக்ளி அவர் பக்கத்தில் சுழன்றுகொண்டே இறங்கியது. ஒரு தடவை நூற்று, இரண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கம் மறுபடி முறுக்கினால்தான் பாவு தாங்கும். தோளில் போர்த்துகிற, பிள்ளையையும் உருளைக்கிழங்கையும் முதுகில் கட்டிக்கொள்கிற லிக்லியா என்னும் துணி ஒன்றுக்கு, நூற்பு சாயம் நெசவு எல்லாம் சேர்த்தால் மாதக்கணக்கு ஆகிவிடும். அதுவும் இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைத்துச் சேர்ப்பது. உங்கள் விரிப்பு சின்னதுதான், ஆனால் அந்த 280 சோலை நாட்களால் வகுத்துப் பார்த்தால், ஏமாந்தது யார் என்ற கேள்வியே வேறு பக்கம் திரும்பிவிடும்.

சரி, 'நாடகம்' என்றீர்கள். அந்த உதட்டுச் சாய வேடிக்கையைப் பல ஊர்களில் செய்வார்கள், உண்மைதான். ஒரு ஆசிரியர் வருடா வருடம் அதே பாடத்தை அதே உதாரணத்தோடு நடத்துவதில்லையா? அதை நாம் நடிப்பு என்று சொல்வதில்லை. உங்கள் கண் முன்னால் நடந்த வேதியியல் பொய்யில்லை. சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் கொச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினால் ரத்தச் சிவப்பு, எலுமிச்சை பிழிந்தால் அது செம்மஞ்சளுக்கு ஓடுகிறது, வேறு உப்பு சேர்த்தால் ஊதாவுக்குத் திரும்புகிறது. (இந்தப் பூச்சிமேல் உலகத்துக்கே ஆசை இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டது இதை வளர்க்கத்தான்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இயற்கைச் சாயங்கள் அந்தப் பக்கத்துப் பல ஊர்களில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தன. கடைச் சாயமும் அக்ரிலிக் நூலும் மலிவு, வேலையும் குறைவு, யார்தான் இலை பறித்துக் காய்ச்சுவார்கள்? சிஞ்செரோவைச் சேர்ந்த நில்டா கல்யன்யாவ்பா என்ற நெசவாளர், சிறுவயதில் ஆடு மேய்த்துக்கொண்டே நூற்கக் கற்றவர், 1996இல் மற்ற நெசவாளர்களோடு சேர்ந்து குஸ்கோவில் மரபு நெசவுக்கான மையம் ஒன்றைத் தொடங்கினார். மூத்தவர்களிடம் கேட்டு, மறந்த கோலங்களையும் சாயங்களையும் ஊர் ஊராகத் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு விலை கொடுத்து வாங்க ஆள் வந்ததால்தான் அது நிலைத்தது. அந்த ஆள் நீங்கள்தான், தம்பி. பார்வையாளர் வந்ததால் கெட்டுப்போனது என்று நீங்கள் நினைக்கிற பொருளில் பாதி, பார்வையாளர் வந்ததால்தான் உயிரோடு இருக்கிறது. ஊர்ப் பெண்கள் தங்களுக்கென்று நெய்துகொள்வதில் பளீரென்ற ரோஸும் பச்சையும் கடைச் சாயத்தில் தாராளமாக வரும், அவர்களுக்கு அது பிடிக்கிறது. அதைக் குறையாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உடையைப் பற்றி. அதையும் நாடகத்தில் சேர்த்துவிட்டீர்கள், அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. 1780இல் இன்கா வழிவந்த தலைவர் இரண்டாம் துபாக் அமாரு ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தார். 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் அவரை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்தார்கள், உடல் பிய்யவில்லை, பிறகு தலையை வெட்டினார்கள். அதோடு விடாமல், இன்கா வழி உடைகளை உடுத்தக்கூடாது, கெச்சுவா பேசக்கூடாது என்றும் ஆணை போட்டார்கள். இன்று நீங்கள் பார்க்கும் அகலப் பாவாடையும் சட்டையும் ஸ்பானியக் குடியானவர்களின் உடுப்பிலிருந்து வந்தவை. ஆனால் மேலே போர்த்தும் லிக்லியாவும் இடுப்பில் சுற்றும் சும்பியும் பழையவை, அவை போகவில்லை. நான்கு குதிரைகள் ஒரு மனிதனை இழுக்கும் கோலத்தை அந்தப் பகுதி நெசவுகளில் இன்றும் நெய்கிறார்கள். பார்வையாளர் வந்தால் நல்ல உடையை எடுத்து உடுத்துவது எந்த ஊரிலும் உள்ளதுதான், நம் வீட்டுக்கு ஆள் வந்தால் நாமும் அழுக்குச் சேலையோடு கதவைத் திறப்பதில்லை.

பேரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் வில்யோக்கில் 350 சோல் சொன்ன துணியை 250க்குக் கேட்டேன், நெய்த பெண் உடனே சரி என்றார். கெட்டிக்காரத்தனமாக வாங்கிவிட்டோம் என்ற நினைப்போடு நடந்தேன். அன்று இரவு கூடாரத்தில் வழிகாட்டி சாதாரணமாகச் சொன்னார், அந்த இரண்டு வாரத்தில் அந்தப் பெண் விற்ற முதல் துணி அது என்று. இன்றும் அந்தத் துணியை எடுக்கும்போதெல்லாம் அந்த 100 சோல் தொண்டையில் நிற்கிறது.

நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இன்கா பாதையில் சுமைக்காரர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான், பிப்ரவரியில் அடைத்துவிடுவார்கள். லாரெஸ் வழிக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் கணவாய்கள் 4,400 மீட்டருக்கு மேலே, எளிதாக எடுக்க வேண்டாம். 3,400 மீட்டரில் இருக்கும் குஸ்கோவில் இறங்கியதும், 2,800 மீட்டரில் இருக்கும் ஒல்லாந்தாய்தாம்போவுக்கு இறங்கி இரண்டு இரவு தங்கிவிட்டு நடக்கட்டும். ஜூன் இரவில் தண்ணீர் உறையும், தடித்த கம்பளி வேண்டும். பிள்ளைகளுக்கு மிட்டாய் எடுத்துப் போகவே வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு சும்பியாவது வாங்கட்டும். சில்லறையாகச் சோல் நோட்டுகள் கொண்டுபோகட்டும், மேலே பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது. வாங்கும் முன், இதை நெய்தது யார், எத்தனை நாள் ஆனது என்று வழிகாட்டி மூலம் கேட்கட்டும். நெய்தவரே எதிரில் இருந்தால் கோலத்தின் பெயரையும் சொல்வார், 'மாயு கெங்கோ' என்று வளைந்து ஓடும் ஆற்றைக் காட்டுவார்.

அப்புறம், உங்கள் 60 சோல் விரிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு அது போதும், குழம்பு சிந்தினால் மிஷினில் போட்டு அலசலாம். மற்றதை வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். துவைக்க வேண்டி வந்தால் குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசி, முறுக்காமல் நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். புளி, எலுமிச்சை மட்டும் மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா